ஹவாய் மக்களின் பெயர்கள்: பொருளும் தோற்றமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஹவாய் என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது காலில் அணியும் இரப்பர்ச் செருப்பே ஆகும். ஆனால் அது ஒரு நாட்டின் பெயர். தமக்கென மொழியும் அரசும் வரலாறும் கொண்டிருந்த ஒரு மக்களின் பெயர். வட பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் அத்தீவுகள் உள்ளன. 1959ஆம் ஆண்டு முதல் அவை அமெரிக்க ஒன்றியத்தின் ஐம்பதாவது மாநிலமாக விளங்குகின்றன. அம்மக்களின் பெயர்கள் எவ்வாறு தோன்றின, அவற்றின் பொருள் யாது, அவற்றுக்கு நேர்ந்தது என்ன என்பதையே இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

இவ்வளவு தொலைவிலுள்ள மக்களின் பெயர்கள் நமக்கு எதற்கு என்று நீங்கள் வினவலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதுவது நம் தொழில். ஆண்டுதோறும் ஜூன் திங்களில், தாத்தாவின் பெயரைக் கேட்டால் தலை குனிந்து மெல்லிய குரலில் சொல்லும் பிள்ளைகளைக் காண்கிறோம். குப்பன், பிச்சை என்னும் பெயர்கள் அவர்களுக்கு நாணத்தைத் தருகின்றன. அந்த நாணம் தேவைதானா என்பதை ஆராய்வதற்கு ஹவாய் மக்களின் வரலாறு நல்ல துணையாகும்.

முதலில் அவர்தம் மொழியின் ஒலியை அறிந்துகொள்வோம். அம்மொழியில் உயிரொலிகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. மெய்யொலிகள் எட்டே எட்டு. ஹ, க, ல, ம, ந, ப, வ என்பன ஏழு. எட்டாவது, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி. அதற்கு ஓகினா என்று பெயர். இரு மெய்கள் அடுத்தடுத்து வாரா. எச்சொல்லும் உயிரிலேயே முடியும். ஆகவே அயல்மொழிப் பெயர்கள் அங்குச் சென்றபொழுது உருமாறின. டேவிட் என்பவர் காவிகா ஆனார். மேரி மாலியா ஆனார். சாமுவேல் கமுவேலா ஆனார். எலிசபெத் எலிகபேகா ஆனார். ஜோசப் நம் சிற்றூர்களில் சூசை ஆனதைப் போன்றதே இதுவும்.

1820ஆம் ஆண்டு அமெரிக்கச் சமயப் பரப்புநர்கள் அங்கு வந்தனர். அம்மொழிக்கு உரோமன் எழுத்தில் நெடுங்கணக்கு வகுத்தனர். 1826ஆம் ஆண்டில் அந்நெடுங்கணக்கு ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆனால் ஓகினாவையும் நெடில் குறியையும் நெடுங்காலம் பலர் எழுதாமலே விட்டனர். கல் என்பதும் கால் என்பதும் நமக்கு ஒன்றாகுமா? அங்கும் அப்படித்தான். 'பௌ' என்றால் முடிந்தது என்பது பொருள்; அதே எழுத்துகளுக்கிடையே ஓகினா வந்தால் புகைக்கரி; நெடில் குறிகளும் சேர்ந்தால் மகளிர் அணியும் பாவாடை. குறியை விட்டால் பெயரின் பொருளும் மறைந்துவிடும்.

அம்மொழியில் பெயரை 'இனோஆ' என்பர். பழங்காலத்தில் ஒருவருக்கு ஒரே பெயர். குடும்பப் பெயர் என்பது கிடையாது. ஆண் பெயர், பெண் பெயர் என்ற பாகுபாடும் பெரும்பாலும் இல்லை. பெயர்கள் பல சொற்கள் சேர்ந்து அமைந்தவை. முன்னே வரும் 'க' அல்லது 'கே' என்பது, ஆங்கிலத்தில் 'தி' என்று வருமே, அதைப் போன்ற சுட்டு. 'அலோஹா' அன்பு, 'கேஅலோஹா' என்பது அன்பையே பெயராகக் கொண்டது. 'கோவா' வீரன், 'கேகோவா' என்பவர் அவ்வீரர். 'அனு' குளிர்ச்சி, ஆங்கிலத் திரைப்பட நடிகர் கீயானு ரீவ்சின் பெயரில் உள்ளது இச்சொல்லே. 'லானி' என்றால் வானம். அரசரையும் வானம் என்றே வழங்கினர். 'புவா' மலர், ஆதலின் 'புவலானி' வான்மலர். 'லேய்' என்பது மாலை. கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையையும் மாலை என்றே அவர்கள் கொஞ்சினர். ஆகவே 'லேய்லானி' என்பதற்கு வானத்து மாலை என்றும் அரசகுலக் குழந்தை என்றும் பொருள் கொள்ளலாம்.

இப்பெயர்கள் எவ்வாறு சூட்டப்பட்டன என்பதை உலகுக்கு விளக்கியவருள் தலையாயவர் மேரி கவேனா புகுயி என்னும் அறிஞர். 1895இல் பிறந்து 1986இல் மறைந்த இவ்வம்மையார், சாமுவேல் எல்பர்ட் என்பவருடன் இணைந்து 1957இல் ஹவாய் மொழி அகராதியை வெளியிட்டார். கவேனா என்பது அவர் முழுப்பெயரின் தலைப்பகுதி மட்டுமே. நிலத்தை உண்ணும் நங்கையாகிய எரிமலைத் தெய்வம் பெலே; அவள் மடியில் இருக்கும் இளைய தெய்வம் ஹீஇயாகா; அந்த ஹீஇயாகா வானில் உண்டாக்கிய செவ்வொளி என்பதே அப்பெயரின் முழுப்பொருள். ஒரு பெயருக்குள் ஒரு நாட்டின் மலையும் தெய்வமும் வானும் அடங்கிவிட்டன.

அவர் கூறும் வகைகளுள் சிலவற்றைச் சொல்வோம். குழந்தை பிறக்கும் முன்னரே வீட்டார் ஒருவரின் கனவில் முன்னோர் வந்து உரைக்கும் பெயர் 'இனோஆ போ', அதாவது இரவுப் பெயர். அதைச் சூட்டாவிடில் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று நம்பினர். வானிலோ நிலத்திலோ தோன்றும் அறிகுறியைக் கண்டு வைப்பது அடையாளப் பெயர். நிகழ்ந்த ஒன்றை மறவாதிருக்க வைப்பது நினைவுப் பெயர். முன்னோர் பெயரைப் பேரர்க்கு வைப்பதும் உண்டு. ஒரு குடும்பத்தின் பெயர் அக்குடும்பத்தின் உடைமை. பிறர் அதைக் கேளாமல் எடுத்தாளுதல் தகாது.

நினைவுப் பெயருக்கு ஒரு சான்று. 'பவ்அஹி' என்றால் நெருப்பால் முடிந்தது என்பது பொருள். குழவிப் பருவத்தில் தீயில் சிக்கி உயிர் தப்பிய ஓர் அரசகுலப் பெண்ணுக்கு அப்பெயர் அமைந்தது. பின்னர் அவருடைய உறவின் வழிப் பிறந்த பெண் மகவுக்கும் அதுவே சூட்டப்பட்டது. அம்மகவே 1831இல் பிறந்த பெர்னிஸ் பவ்அஹி பிஷப். தம் நிலவுடைமையை ஹவாய்ப் பிள்ளைகளின் கல்விக்கென எழுதிவைத்து 1884இல் அவர் மறைந்தார். அவ்விருப்ப ஆவணத்தின் வழியே கமேஹமேஹா பள்ளிகள் 1887இல் தொடங்கப்பட்டன, இன்றும் நடைபெறுகின்றன. தீயை நினைவூட்டும் பெயர் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு விளக்காயிற்று.

இனி நாம் கருதிவந்த இடத்திற்கு வருகிறோம். 'இனோஆ கூஅமுஅமு' என்று ஒரு வகை உண்டு; அதற்கு இழிசொற் பெயர் என்று பொருள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தைக்கு அருவருக்கத்தக்க ஒரு பெயரை வேண்டுமென்றே வைத்தனர். அப்பெயரைக் கேட்டுத் தீய ஆவிகள் முகஞ்சுளித்து விலகிப் போகும் என்பது அவர்தம் நம்பிக்கை.

இதைப் படித்தபொழுது நமக்கு நம் சேரிகளின் நினைவே வந்தது. இறந்து இறந்து பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒருமுறை கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிட்டனர் நம் பாட்டிமார். தெய்வத்திடம் இரந்து பெற்றதாக எண்ணிப் பிச்சை என்றனர். மருத்துவமனையின் வாசலை மிதிக்க இயலாத காலத்தில், பிள்ளையைச் சாவிடமிருந்து மறைத்து வைக்க ஓர் ஏழைத் தாய்க்குக் கிடைத்த ஒரே மருந்து பெயர்தான். இவ்வழக்கம் நம் சமுதாயத்துக்கு மட்டும் உரியதன்று. எல்லாச் சாதியாரிடமும் குப்புசாமிகள் இருந்தனர். ஆகவே, குப்பனின் பேரன் என்று சொல்லத் தயங்கும் தம்பியே! உன் பாட்டனாரைப் பெற்ற தாய் அவரை எவ்வளவு ஆசையோடு காத்தாள் என்பதற்கு அப்பெயரே சான்று.

ஆனால் அன்பால் வந்த பெயர் வேறு. ஆதிக்கத்தால் வந்த பெயர் வேறு. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது. ஹவாய்ச் சமுதாயம் குற்றமற்றது என்று நாம் கூறவில்லை. அரசகுலத்தார் பெயரைப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளலாகாது என்னும் தடை அங்கு இருந்தது. 'கௌவா' எனப்பட்ட ஒரு பிரிவினர் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் தனியிடத்தில் வாழ்ந்தனர்; மற்றவர்கள் அவர்களோடு சேர்ந்து உண்ணவில்லை. அவர்களுடைய பிரிவின் பெயரைச் சொல்லி ஒருவரை அழைப்பது கொடிய வசையாகக் கருதப்பட்டது. இதன் கொடுமையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. முதியவரையும் ஒருமையில் அழைத்த நாவுகளை நம் பாட்டனார் கேட்டவர்கள். பிள்ளைக்கு மதிப்பான பெயரை வைத்தாலும் அதை முழுமையாக அழைக்க மறுத்த நிலக்கிழார்களின் கீழ் உழைத்தவர்கள்.

அத்தீவுகளில் பழைய விலக்குமுறை 1819ஆம் ஆண்டு உடைந்தது. இளைய மன்னர் இரண்டாம் கமேஹமேஹா, ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணலாகாது என்ற விலக்கை மீறிப் பெண்களோடு அமர்ந்து உண்டார். அதற்குத் துணை நின்றவர் அரசி காஅஹுமனு. அவர் பெயருக்குப் பறவை இறகாலான போர்வை என்பது பொருள். ஒரு பந்தியில் அமர்ந்து உண்ட உணவு ஒரு நாட்டின் முறைமையையே மாற்றியது.

இனி, பெயர்கள் பறிபோன கதைக்கு வருவோம். 1778இல் அங்கு வந்த ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக், அத்தீவுகளுக்குத் தம் நாட்டுப் பிரபு ஒருவரின் பெயரால் சாண்ட்விச் தீவுகள் என்று பெயரிட்டார். அங்கு வாழ்ந்தவர்களிடம் கேட்டுச் செய்ததன்று அது. ஹொனலுலு என்பது அமைதியான விரிகுடா. வைகீகீ என்பது பீறிடும் நீர். மௌனா லோவா என்பது நெடுமலை. ஹலேஅகலா என்பது கதிரவனின் இல்லம். இப்பெயர்கள் நிலத்தின் இயல்பையும் அந்நிலத்தின் கதைகளையும் தலைமுறைதோறும் சொல்லித் தருவன. லேஅஹி என்னும் குன்றுக்கோ வேறு கதி நேர்ந்தது. சூரை மீனின் நெற்றியைப் போன்றது என்று அப்பெயருக்கு விளக்கம் கூறுவர். பிரித்தானிய மாலுமிகள் அங்கே மின்னிய சாதாரணக் கற்களை வைரம் என்று மயங்கினர். அன்று முதல் உலகத்தார்க்கு அது 'டைமண்ட் ஹெட்', அதாவது வைரத்தலை ஆயிற்று. வைரம் ஒன்றும் அங்கு இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மனிதர் பெயர்களுக்கு வந்த மாற்றம் சட்டத்தின் வழி வந்தது. 1860ஆம் ஆண்டு நான்காம் கமேஹமேஹா மன்னர், பெயர்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி, மணமான பெண் கணவனின் பெயரை ஏற்க வேண்டும். பிறக்கும் குழந்தை தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டும். அத்துடன் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏற்ற ஒரு கிறித்தவப் பெயர் முதலில் வர வேண்டும். ஹவாய்ப் பெயர் இடையில் ஒதுங்கிக்கொண்டது. வீட்டார் அதனைக் கைவிடவில்லை. ஆனால் பள்ளியிலும் அலுவலகத்திலும் முன்னே நின்றது அயற்பெயர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற அவ்விதி 1967ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

பெயரால் ஒருவரை எவ்வளவு வருத்தலாம் என்பதற்கு அரசி லிலியுவோகலானியின் வாழ்வு சான்றாகும். அவர் 1838இல் பிறந்தபொழுது, நாட்டின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த கீனாவு என்னும் அரசகுல மாதுக்குக் கடும் கண்ணோய். அதன் நினைவாகக் குழந்தைக்கு எரிச்சல், கண்ணீர், வேதனை, புண்பட்ட கண் என்னும் பொருள்படும் நான்கு பெயர்கள் இடப்பட்டன. 1877இல் அவரைத் தம் வாரிசாக அறிவித்த தமையன் கலாகாவா மன்னர், அந்த எரிச்சல் என்னும் சொல்லோடு வானம் என்னும் சொல்லைச் சேர்த்து லிலியுவோகலானி என்று அமைத்தார். வேதனையைக் குறிக்கும் சொல்லைத் தாங்கியே அவர் 1891இல் அரியணை ஏறினார். அச்சொல்லை இன்றும் அம்மக்கள் அன்போடு உச்சரிக்கின்றனர்.

1893ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், அமெரிக்க வணிகர் சார்ந்த ஒரு குழுவினர் அவரைப் பதவியிலிருந்து வீழ்த்தினர். 1895இல் அவரை அவருடைய அரண்மனையிலேயே சிறை வைத்தனர். தம்மைச் சார்ந்தவர்களின் உயிரைக் காக்கவே அவர் அரியணையைத் துறக்கும் ஆவணத்தில் கையொப்பமிட இசைந்தார். அப்பொழுதும் அவர்கள் விடவில்லை. கணவரின் குடும்பப் பெயரைச் சேர்த்து லிலியுவோகலானி டாமினிஸ் என்று எழுத வேண்டும் என்றனர். அப்பெயரால் தாம் அதற்கு முன் ஒருபோதும் கையொப்பமிட்டதில்லை என்பதை 1898இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் அரசியார் பதிவு செய்துள்ளார். அரசைப் பறித்தவர்கள் பெயரையும் மாற்றி எழுதச் சொன்னது ஏன்? அரசியை வெறும் குடிமகளாக்க ஒரு பெயர் போதும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மக்கள் என்ன செய்தார்கள்? 1897ஆம் ஆண்டு, தம் நாட்டை அமெரிக்காவுடன் இணைக்கலாகாது என்று விண்ணப்பம் எழுதினர். 21,000க்கும் மேற்பட்டோர் அதில் தம் பெயரை இட்டனர். அன்று அத்தீவுகளில் ஹவாய் இனத்தவரின் தொகை ஏறத்தாழ 40,000தான் என்பதை எண்ணிப் பாருங்கள். இணைப்பு உடன்படிக்கை அமெரிக்க மேலவையில் நிறைவேறவில்லை. எனினும் 1898இல் வேறொரு தீர்மானத்தின் வழி இணைப்பு நடந்தேறியது. விண்ணப்பத் தாள்கள் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 1996இல் நோஎநோஎ சில்வா என்னும் ஆய்வாளர் அவற்றைக் கண்டு வெளிக்கொணர்ந்தார். பின்னர் அத்தாள்கள் ஹவாயில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபொழுது, தம் பாட்டன் பாட்டியரின் பெயரை அவற்றில் தேடிக் கண்டவர்கள் பலர். முன்னோர் எதிர்க்காமல் பணிந்தனர் என்று சொல்லப்பட்டு வளர்ந்தவர்களுக்கு, அவர்கள் பணியவில்லை என்பதை அப்பெயர்கள் எடுத்துக்காட்டின. அவர்களுக்கு எழுத்தறிவு இருந்ததால் பெயர் நின்றது. பெயர் நின்றதால் வரலாறு மீண்டது.

அந்த மொழிக்குப் பள்ளியிலேயே பெருங்கேடு நேர்ந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாம் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பயிற்று மொழி ஆக்கியது. ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். தம் பெயரின் பொருளைத் தாமே அறியாத தலைமுறைகள் தோன்றின. அம்மொழியை மீட்டதும் பள்ளிதான். 1978இல் அம்மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 1983இல் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து 'பூனானா லேயோ', அதாவது குரல்களின் கூடு, என்னும் அமைப்பை நிறுவினர். அதன் முதல் மழலையர் பள்ளி 1984இல் தொடங்கியது. 1987இல் அரசுப் பள்ளிகளிலும் அம்மொழி வழிக் கல்வி தொடங்கிற்று. அவ்வாறு பயின்றவர்களுள் முதல் அணியினர் 1999இல் உயர்நிலைக் கல்வியை முடித்தனர். அரசின் ஆணைக்குக் காத்திராமல் ஒரு சிறு சங்கம் தொடங்கிய பணி அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கூரைக் கொட்டகையில் இரவுப் பாடசாலை தொடங்கிய நம் பெரியோர்கள் இதன் அருமையை நன்கு உணர்வார்கள்.

இன்னும் ஒரு செய்தி. 2013ஆம் ஆண்டு, அங்கு ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் 35 எழுத்துகளும் ஓர் ஓகினாவும் கொண்டதாக இருந்தது. அரசு வழங்கிய அடையாள அட்டையில் அதற்கு இடம் போதவில்லை. கடைசி எழுத்து விடுபட்டது. அவருடைய முதற்பெயரும் இடம்பெறவில்லை. பெயரைச் சுருக்கிக்கொள்ளுமாறு பிறர் கூறியும் அவர் இசையவில்லை, முறையிட்டார். இறுதியில் அட்டையே மாறியது. முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் 40 எழுத்துகள் வரை இடம் தரப்பட்டது. பதிவேட்டின் கட்டத்துக்கு ஏற்ப மனிதர் குறைய வேண்டியதில்லை.

இளைஞர்களே! நம் வரலாற்றிலும் இதற்கு வழிகாட்டியவர்கள் உண்டு. பிறர் இழிவாக வழங்கிய பெயர்களை நீக்கி ஆதி திராவிடர் என்று அரசு வழங்க வேண்டும் என்னும் தீர்மானத்தை, 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து வெற்றி கண்டார் பெருந்தலைவர் எம். சி. ராஜா. நம்மை எப்பெயரால் அழைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை நம்முடையது என்பதே அதன் பொருள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். வீட்டிலுள்ள முதியவரிடம் அமர்ந்து, உங்கள் பாட்டன், பூட்டன், பாட்டி, பூட்டி ஆகியோரின் பெயர்களையும், அவற்றை யார் வைத்தார், எதற்காக வைத்தார் என்பதையும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அன்பால் வந்த பெயராயின் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். பிறர் ஏளனத்தால் ஒட்டிய பெயராயின் அதை உதறிவிடுங்கள். அதற்குச் சட்டம் வழி தருகிறது. பிறக்கும் குழந்தைக்கு எப்பெயரைச் சூட்டினாலும் அதன் பொருளைச் சொல்லி வளருங்கள். எழுத்தர் ஒருவர் பெயரைத் தவறாக எழுதினால் அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள். முதியவர்கள் மறையும் முன் இதைச் செய்தல் வேண்டும். அவர்களோடு மறைந்த பெயரை எந்தக் காப்பகத்திலும் தேட இயலாது.

இச்சங்கம் அடுத்த ஆண்டு அத்தகைய குறிப்பேடுகளைத் திரட்டி ஒரு நூலாக்கினால், நம் பிள்ளைகளின் பிள்ளைகள் அதில் தம் முன்னோரைத் தேடிக் கண்டுகொள்வார்கள். பொறுப்பாளர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.